மெஷின் மேனுவலில் பூட்டிக் கிடக்கும் எச்சரிக்கை வாக்கியங்கள்

மக்களே, கொஞ்சம் நீளமான இழை. இன்னைக்கு மருந்து மாத்திரை பத்தி இல்லை, ஒரு வகைக் கம்ப்யூட்டர் கோப்பைப் பத்தி. "டாக்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேக்கறவங்க பாதி வரைக்கும் வாங்க, புரிஞ்சுடும்.

முதல்லயே சொல்லிடறேன். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பெல்ட்ல ஓடுற வெளிநாட்டு மெஷின்களோட கையேடுகளில் இருக்கும் எச்சரிக்கை வாக்கியங்கள் தொழிலாளியின் மொழிக்கு வரவில்லை என்றால், அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு காரணங்கள் உண்டு. "ரொம்பச் செலவாகும்" என்பது ஒன்று. "டெக்னிக்கலா கஷ்டம்" என்பது இன்னொன்று. இரண்டுமே நிற்காது. அந்த வாக்கியங்கள் ஏற்கெனவே ஒண்ணொண்ணா பிரிச்சு, நம்பர் போட்டு, எங்கேயோ ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருளின் கோப்பில் தயாராக உட்கார்ந்திருக்கின்றன. அதைப் படிக்க முப்பது நாற்பது வரி பைத்தான் ப்ரோக்ராம் போதும். ஆலைகள் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கணும். வாங்கின பிறகு அதைச் சரியாகப் படிக்கணும். எனக்கு இரண்டாவதுதான் பெரிய கவலை.

இந்தப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் கொரியா, ஒரகடத்தில் ஜெர்மனி, ஜப்பான், ஃபிரான்ஸ், சுங்குவார்சத்திரத்தில் தைவான். ரோட்டோரத்தில் கொரிய எழுத்தில் ஹோட்டல் போர்டு. உள்ளே வேலை செய்பவர்கள் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்கள், வடமாவட்டங்கள், அப்புறம் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம். மெஷின் ஒரு மொழியில் பிறந்து, கையேடு ஆங்கிலத்தில் வந்து, அதைப் படித்த ஷிஃப்ட் இன்சார்ஜ் தமிழில் சொல்லி, அந்தத் தமிழை ஒரு பையன் இந்தியில் பக்கத்து பையனுக்குச் சொல்லி... கடைசியில் மெஷின் கிட்ட நிக்கிறவன் காதுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

தொழிற்சாலை மருத்துவ மையத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது எப்படித் தெரியும்னா, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருத்தர் வருவார். "என்னப்பா பட்டுச்சு?" "கெமிக்கல் சார்." "என்ன கெமிக்கல்?" "க்ளீனர் சார்." அவ்வளவுதான். காரமா, அமிலமா, கரைப்பானா? டப்பாவில் எழுதியிருக்கும்தான். அது அவருக்குப் புரியும் மொழியில் இல்லை. எதுவாக இருந்தாலும் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் என்றால் கால்சியம் குளுக்கோனேட் தேடி ஓட வேண்டும். மெத்தனால் என்றால் கண் பார்வையும் உயிரும் சேர்ந்து பந்தயத்தில் இருக்கின்றன. பெயர் தெரிவதில்தான் நேரம் போகிறது.

மெத்தனால்னு சும்மா சொல்லலை. 2015–16-ல் தென்கொரியாவில், ஸ்மார்ட்ஃபோனுக்கு அலுமினிய பாகம் வெட்டிக் கொடுக்கும் சின்ன சப்-காண்ட்ராக்ட் பட்டறைகளில் எத்தனாலுக்குப் பதிலாக விலை குறைந்த மெத்தனாலைப் பயன்படுத்தினார்கள். ஏஜென்சி மூலம் வந்த இளம் தொழிலாளர்கள், குறைந்தது ஆறு பேர், பார்வை இழந்தார்கள். கையில் இருக்கும் திரவம் என்ன என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர்களுக்குத் தாய்மொழியே கொரியன். தாய்மொழியில் எழுதிய நாட்டிலேயே இப்படி என்றால், மூன்று மொழி தாண்டி வரும் இடத்தில் என்ன ஆகும்?

மொழிபெயர்ப்புப் பிழை மருத்துவத்தில் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் துறையிலேயே உதாரணம் உண்டு. பெர்லினில் ஒரு மருத்துவமனையில் 2006–07-ல் 47 பேருக்கு மூட்டு மாற்று அறுவை தவறாக நடந்தது. எலும்பு சிமெண்ட் வைத்துப் பொருத்த வேண்டிய செயற்கை மூட்டை, ஆங்கில லேபிளைத் தப்பாகப் புரிந்துகொண்டு சிமெண்ட் இல்லாமல் பொருத்திவிட்டார்கள். படித்தவர்கள் எல்லாம் சர்ஜன்கள், நர்ஸ்கள். ஃபிரான்ஸில் எபினால் நகர மருத்துவமனையில் 2004–05-ல் இருபதுக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு அளவு மீறிப் போனது, சிலர் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்த காரணங்களில் ஒன்று, அந்த மென்பொருளின் திரையும் கையேடும் ஃபிரெஞ்சில் இல்லாதது. படித்தவர்களுக்கே இந்த நிலைமை. பத்தாம் வகுப்பு, ஐடிஐ முடித்து வந்த பிள்ளையிடம் "மேனுவல்ல இருக்குல்ல, படிக்கலையா?"ன்னு கேக்கறது அநியாயம்.

சட்டம் என்ன சொன்னது? தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 108: ஆலையில் ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்கணும்னு 2025 வரைக்கும் சொன்னது. நல்லது. ஆனா அது அறிவிப்புக்கு. மேனுவலுக்கு இல்லை. போபாலுக்குப் பிறகு 1987-ல் சேர்த்த பிரிவு 41-பி, அபாயகரமான தொழில்களில் ஆபத்துகளைப் பற்றிய தகவலைத் தொழிலாளிக்குச் சொல்லியே ஆகணும் என்றது. எந்த மொழியில் என்று சொல்லவில்லை. "சொன்னோம் சார்"னு ஆங்கிலத்தில் ஒரு கையெழுத்து வாங்கினால் ஃபைல் மூடியாச்சு.

ஐரோப்பாவில் இந்த ஓட்டையை அடைச்சுட்டாங்க. அவர்களின் 2006-ஆம் ஆண்டு இயந்திர விதிப்படி, ஒரு மெஷின் எந்த நாட்டில் விற்கப்படுகிறதோ அந்த நாட்டின் ஆட்சிமொழியில் கையேடு இருந்தாக வேண்டும். "இது மூலக் கையேடு", "இது மூலக் கையேட்டின் மொழிபெயர்ப்பு" என்று அதிலேயே போடணும். அதாவது கொரியாவில் செய்த ஒரு ப்ரெஸ் மெஷின் ஸ்லோவாக்கியாவுக்குப் போனால் ஸ்லோவாக் மொழியில் கையேடு கூடவே போகும். அந்த நாட்டு மக்கள்தொகை சுமார் 55 லட்சம். 2011 கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 6.9 கோடி. அதே ப்ரெஸ் இங்கே வந்தால் ஆங்கிலக் கையேடு போதும் என்பது மொழியின் குறையா, கேட்காதவர்களின் குறையா?

கெமிக்கலுக்கும் இதே கதைதான். "தோலில் கடும் தீக்காயம், கண்ணில் பாதிப்பு உண்டாக்கும்" என்பதற்கு உலகம் முழுக்க எச் 314 என்று ஒரு குறியீடு. ஐரோப்பாவில் அந்த வாக்கியத்தின் அதிகாரபூர்வ வடிவம் மால்டா தீவின் மொழியில்கூட இருக்கிறது. அங்கே மொத்த மக்கள் தொகையே சில லட்சம். நம்ம ஊர் டிரம்மில் அதைத் தமிழில் நான் இதுவரை பார்த்ததில்லை.

சரி, இப்ப கோப்புக்கு வருவோம்.

ஸ்லோவாக் கையேடு எப்படி உருவாகும்? மொழிபெயர்ப்பாளர் வேர்டில் உட்கார்ந்து தட்டுவதில்லை. ட்ராடோஸ், மெமோக்யூ மாதிரி மென்பொருள்கள் இருக்கு. (ட்ராடோஸ் 1984-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஆரம்பித்தது. நம்ம ஒரகடம் ட்ரக் கம்பெனியின் தாய் வீடும் அதே ஊர்ப் பக்கம்தான், சும்மா ஒரு தகவல்.) இந்த மென்பொருள் கையேட்டை வாக்கியம் வாக்கியமாக வெட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் செக்மென்ட்னு பேர். இடப்பக்கம் ஸோர்ஸ், அதாவது மூல வாக்கியம். வலப்பக்கம் டார்கெட், மொழிபெயர்ப்பு. எல்லாம் ஒரு ப்ராஜெக்ட் கோப்பில் சேமிக்கப்படும்.

பலர் நினைக்கிற மாதிரி அது மர்மப் பெட்டி இல்லை. ட்ராடோஸ் அனுப்பும் பேக்கேஜ் வெறும் ஸிப் கோப்புதான், பெயரை மாற்றினால் திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் எஸ்டிஎல்எக்ஸ்லிஃப் கோப்பு என்பது எக்ஸ்லிஃப் 1.2 என்ற பொதுத் தரத்தின் மேல் கட்டியது. அதுவும் எக்ஸ்எம்எல்தான், நோட்பேடில் திறந்தாலே கண்ணால் படிக்கலாம். அதிகாரபூர்வமாக ட்ராடோஸின் சொந்த ப்ரோக்ராமிங் வழி ஒன்று உண்டு. அதுக்கு விண்டோஸ் வேணும், லைசென்ஸ் வேணும். மொழிபெயர்க்கிற கம்பெனிக்கு அது சரி. மூல வாக்கியங்களை மட்டும் படித்துப் பார்க்க நமக்கு அது தேவையே இல்லை.

எனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு சொல்றேன். அதே பேக்கேஜில் ப்ராஜெக்ட் கோப்பு ஒன்று இருக்கும். அதில் எந்த மொழியிலிருந்து எந்தெந்த மொழிக்கு என்று வரிசையாக எழுதியிருக்கும். ஸோர்ஸ் கொரியன், டார்கெட் ஆங்கிலம், செக், ஸ்லோவாக், போலிஷ்... தமிழ், ஒடியா, இந்தி அந்தப் பட்டியலில் உண்டா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். "பாதுகாப்பே எங்கள் முதல் முன்னுரிமை" என்று கேட்டில் பெரிய போர்டு வைத்திருக்கும் எந்த ஆலையையும் அளக்க, என்னைப் பொறுத்தவரை, இதைவிட நேர்மையான ஸ்கேன் ரிப்போர்ட் கிடையாது.

செலவு பற்றி. ஒரு மெஷினுக்கு அறுநூறு பக்கக் கையேடு என்றால் மிரள்வார்கள். எனக்கு அறுநூறு பக்கமும் வேண்டாம். எச்சரிக்கை வாக்கியங்கள் மட்டும் போதும். அவை அத்தியாயத்துக்கு அத்தியாயம் அப்படியே திரும்பத் திரும்ப வரும். "கவரைத் திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டி" எத்தனை தடவை வந்தாலும் மொழிபெயர்ப்பது ஒரு தடவைதான், மிச்சத்தை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். செக்மென்ட்களை எடுத்து, ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்து, ஆபத்து சம்பந்தப்பட்டதை மட்டும் வடிகட்டினால் மிஞ்சும் பட்டியல் சின்னது. அதை எடுத்துப் பார்க்காமலேயே "கட்டுப்படியாகாது"ன்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன்.

இப்ப அந்த இரண்டாவது கவலை. இங்கேதான் கொஞ்சம் மெதுவா படிக்கணும்.

ஒரு ஆலையில் (பேர் வேண்டாம்) உற்சாகமான ஒரு கான்ட்ராக்டர் இதே வேலையைச் செய்து ஒரு எக்செல் பட்டியல் கொடுத்தார். நிர்வாகம் எனக்கு அனுப்பியது. முதல் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஒரு வரி, அர்த்தம் இதுதான்: "மெஷின் ஓடும்போது கவரைத் திறக்கவும்."

மூலத்தில் திறக்க "வேண்டாம்". அந்த "நாட்" என்ற சொல் கையேட்டில் தடித்த எழுத்தில் இருந்தது. தடித்த எழுத்து என்றால் கோப்பில் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு டேக் வரும். ஜி என்று ஒரு டேக், அதுக்குள்ளே "நாட்". ப்ரோக்ராம் எழுதியவர் டேகுகளை நீக்கும்போது உள்ளே இருந்ததையும் சேர்த்து நீக்கிவிட்டார். ஆபத்தான சொல்லைத்தானே தடித்த எழுத்தில் போடுவார்கள்? ஆக எது தப்பவே கூடாதோ அதுவே முதலில் காணாமல் போனது. வேறு சில வரிகள் பாதியில் நின்றிருந்தன. பைத்தானில் எலிமென்ட்ட்ரீ என்ற கருவியில் டெக்ஸ்ட் என்று கேட்டால் முதல் டேக் வரைக்கும் உள்ளதை மட்டுமே கொடுக்கும். டேகுக்குள் இருப்பதும், டேகுக்குப் பின்னால் இருப்பதும் வராது. முழுசா வேணும்னா இட்டர்டெக்ஸ்ட் என்று கேட்கணும்.

நல்லவேளை, அது யார் கையிலும் போகலை. இன்சுலின் பத்து யூனிட் என்பதை நூறு என்று படிப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இதுக்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. மெமோக்யூவின் கோப்பில் சில டேகுகளுக்குள் இருப்பது வாக்கியமே இல்லை, வடிவமைப்புக் குறியீடு. அங்கே எல்லாத்தையும் சேர்த்து அள்ளினால் வாக்கியத்துக்கு நடுவே குப்பை வந்து உட்காரும். எந்த மென்பொருளின் கோப்பு என்று பார்க்காமல் ஒரே ப்ரோக்ராமை எல்லாத்துக்கும் ஓட்டக்கூடாது. எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே ஆன்டிபயாடிக் மாதிரிதான் அது.

எண்களும் இப்படித்தான். "மின்சாரத்தைத் துண்டித்த பின் இத்தனை நிமிடம் காத்திரு" என்று மோட்டார் டிரைவ் கையேடுகளில் வரும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்னழுத்தம் வடியும் நேரம் அது. அந்த எண் சில கோப்புகளில் நேரடியாக இருக்காது, எக்ஸ் என்ற வெற்று டேக்தான் நிற்கும். உண்மையான உள்ளடக்கம் கோப்பின் தலைப்பகுதியில் டேக் விளக்கங்களுக்குள் இருக்கலாம், மூல ஆவணத்தில் இருக்கலாம். அதனால டேகை ஒருபோதும் சத்தமில்லாமல் அழிக்காதீங்க. அந்த இடத்தில் சதுர அடைப்பு போட்டு "இங்கே ஏதோ இருக்கு" என்று காட்டுங்க. மனுஷன் போய்ப் பார்க்கட்டும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம், கோடிங் தெரிஞ்சவங்களுக்கு. கோப்பின் நேம்ஸ்பேஸைச் சொல்லாமல் தேடினால் ஒன்றுமே கிடைக்காது, "கோப்பு காலி"ன்னு நினைச்சுடாதீங்க. ஸோர்ஸ் என்ற பகுதியில் முழுப் பத்தியும் இருக்கும், வெட்டிய வாக்கியங்கள் செக்-ஸோர்ஸ் என்ற பகுதியில் எம்ஆர்கே டேகுகளுக்குள் இருக்கும். அந்த எம்ஆர்கேயிலும் செக் என்ற வகையை மட்டும் எடுங்க, ஏன்னா மொழிபெயர்ப்பாளர் எழுதின குறிப்புகளுக்கும் அதே டேக்தான். செக்மென்ட் நம்பரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நம்பர் இல்லாத வாக்கியம், பேர் எழுதாத ரத்த சாம்பிள். யாருடையதுன்னு கண்டுபிடிக்க முடியாது.

தமிழுக்கு வரும்போது தனிச் சிக்கல் ஒன்று இருக்கு. ஆங்கிலத்தில் "நாட்" தனிச் சொல், தடித்த எழுத்தில் போடலாம். தமிழில் எதிர்மறை வினையோடு ஒட்டிக்கொண்டு கடைசியில் வரும். திறக்காதே, தொடாதே. "மெஷின் ஓடும்போது முன்பக்கக் கவரின் இடது தாழ்ப்பாளைத் திறக்..." வரை படித்தவனுக்கு இன்னும் ஒரு எழுத்து படித்தால்தான் திறக்கணுமா கூடாதா என்று தெரியும். அவசரத்தில் போர்டைப் பார்ப்பவன் பாதியில் கண்ணை எடுத்துவிடுவான். அதனால் தமிழில் "திறக்கக் கூடாது: ..." என்று முன்னால் போட்டு எழுதச் சொல்வேன். இலக்கண அழகு கொஞ்சம் குறையும், விரல் மிஞ்சும்.

அடுத்தது ஆபத்தின் அளவு. கையேடுகளில் மூணு படி இருக்கு. டேஞ்சர் என்றால் தவிர்க்காவிட்டால் சாவு அல்லது கடும் காயம் நிச்சயம். வார்னிங் என்றால் அது நேரலாம். காஷன் என்றால் சின்ன, நடுத்தரக் காயம். ஜப்பானியத்தில் கிகென், கெய்கோகு, சூயி என்று மூணுக்கும் தனித்தனிச் சொல். கொரியனிலும் அப்படியே. நம்ம ஊர் போர்டுகளில் மூணுமே "எச்சரிக்கை". பாம்பு கடிச்சாலும் எறும்பு கடிச்சாலும் ஒரே சீட்டு எழுதின மாதிரி. அபாயம், எச்சரிக்கை, கவனம் என்று பிரித்து, எல்லா ஆலையும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் பழகிவிடும்.

"இவ்வளவு எதுக்கு டாக்டர், ஏஐகிட்ட கொடுத்தா ரெண்டு நிமிஷத்துல தமிழ் பண்ணிடும்"னு கமெண்ட்ல வரும். பண்ணும். முதல் வரைவுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா "நாட்" விழுந்துபோன மூல வாக்கியத்தைக் கொடுத்தால், அது அழகான தமிழில் "திறக்கவும்"னு எழுதிக் கொடுக்கும். மூலம் சரியா வந்துச்சான்னு முதலில் மனுஷன் பார்க்கணும். வந்த தமிழை, அந்த மெஷினிலேயே பத்து வருஷம் நின்ன ஒரு ஆபரேட்டர் படிச்சுப் பார்க்கணும். ஷாப்ஃப்ளோரில் "லோட்டோ போடு"ன்னு சொல்றாங்கன்னா அதையே எழுதுங்க. யாரும் வாயால் சொல்லாத புதுக் கலைச்சொல் வேண்டாம். அப்புறம், கம்பெனிக் கையேட்டைக் கண்ட இலவசத் தளத்திலும் ஒட்டாதீங்க, ரகசிய ஒப்பந்தம் இருக்கும்.

ரகசியம் என்பதுதான் கடைசியாக வரும் மறுப்பு. "அந்தக் கோப்பு மெஷின் சப்ளையருடையது, கேட்டாலும் தரமாட்டாங்க." மெஷினின் வரைபடத்தை யாரும் கேக்கலை. கையேட்டில் அச்சாகி ஏற்கெனவே நம் கையில் இருக்கும் வாக்கியங்களைத்தான் படிக்கக்கூடிய வடிவில் கேட்கிறோம். கோடிக்கணக்கில் மெஷின் வாங்குபவர் கேட்டால் கொடுப்பார்கள். வாங்கின பிறகு கேட்டால்தான் கஷ்டம்.

அதனால பர்ச்சேஸ்ல, ப்ராஜெக்ட்ஸ்ல, சேஃப்டியில் இருக்கும் நண்பர்களுக்கு. அடுத்த மெஷின் ஆர்டரில் ஒரு வரி சேருங்கள்: கையேட்டின் மொழிபெயர்ப்புக் கோப்புகள் எக்ஸ்லிஃப் வடிவில் மெஷினோடு சேர்த்துத் தரப்பட வேண்டும். அதை வைத்து ஆறு பத்தி போட்ட ஒரு எக்செல் செய்யுங்கள். செக்மென்ட் நம்பர், மூல வாக்கியம் டேக் அடையாளங்களோடு, ஆபத்தின் படி, தமிழ், ஒடியா, இந்தி. சேஃப்டி கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதி ஒருவரும், மருத்துவ மையத்தின் டாக்டரும் அதில் கையெழுத்துப் போடட்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களில் ப்ரெஸ் ஷாப்பிலிருந்து ஆரம்பிங்க, விரல்கள் அதிகம் போவது அங்கேதான்.

ப்ரோக்ராம் வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க, எங்க மையத்தில் வேலை செய்யும் தம்பி எழுதினதை அனுப்பச் சொல்றேன். ட்ராடோஸ் கோப்புக்கு மட்டும்தான் அது. மெமோக்யூவுக்கு வேற எழுதணும்.